செதில் உரசாத மீன்

அத்தியாயம் ஆறு

"மூணு நாள்ல இது ஆறாவது ஹோட்டல், தலைவி. இன்னும் ரெண்டு நாள் இப்படியே துப்பறிஞ்சோம்னா, என் பேண்ட் பட்டன் எங்க தெறிச்சு விழுந்துச்சுன்னு தனியா ஒரு கேஸ் எடுக்க வேண்டியிருக்கும்."

எலாடியோ வயிற்றைத் தடவிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

யான்பிங் சிரிக்கவில்லை. ஷாங்காயிலிருந்து வந்த பெற்றோருக்குப் பார்சிலோனாவில் பிறந்தவள். பன்னிரண்டு வருஷம் மாட்ரிட் போலீஸில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், ஓய்வுபெற்ற டாக்ஸி டிரைவர் எலாடியோ. மூன்றில் மேஜை மட்டும்தான் எதிர்த்துப் பேசாது.

வெளியே பலகையில் 'பார் பாகீத்தா' என்று எழுதியிருந்தது. கடையை விற்றுவிட்டு ஸ்பானியக்காரி பாகீத்தா ஊருக்குப் போய் இருபது வருஷமாகிறது. வாங்கிய சீனக் குடும்பம் பலகையை மாற்றவில்லை. மாட்ரிட்டின் சீனர் பேட்டையான உசேராவில் பாதிக் கடைகள் அப்படித்தான். பன்றித் தொடை தொங்கிய கொக்கியில் இப்போது சிவப்புக் காகித விளக்கு தொங்கியது. இன்னும் பத்து நாளில் புத்தாண்டு. மதியக் கூட்டம் சூப்பை உறிஞ்சிக்கொண்டும், எலும்பை மேஜை மேலேயே துப்பிக்கொண்டும், ஒருவரை ஒருவர் மிஞ்சக் கத்திக்கொண்டும் இருந்தது.

கடைக்காரி வூ அக்கா வந்தாள். குட்டையான உருவம், காதில் பென்சில். யான்பிங்கிடம் கையால் சீனத்தில் எழுதிய ஒற்றை மெனுத் தாளைக் கொடுத்தாள். எலாடியோவிடம் படம் போட்ட பளபள அட்டையையும் ஒரு ஃபோர்க்கையும் நீட்டினாள்.

எலாடியோ அட்டையைப் பார்த்தான். எலுமிச்சைக் கோழி. ஃப்ரைட் ரைஸ். மறுபடியும் எலுமிச்சைக் கோழி.

"ஏம்மா, இந்தத் தெருவுல முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டினவன் நான். எனக்கே டூரிஸ்ட் மெனுவா?"

"உங்க ஸ்பானிய ஆளுங்க எங்க சாப்பாட்டை ஆசைப்பட்டுக் கேட்டுட்டு, அப்புறம் முழிச்சுக்கிட்டுப் பாதியில வச்சுட்டுப் போயிடறாங்க. எனக்கு மனசு கேக்கல."

"எனக்கு அவங்க சாப்பிடறதே குடுங்க. மிச்சம் வச்சா என்னைக் கேளுங்க."

வூ அக்கா அவன் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு நம்பினாள். "வயல் மீன் இருக்கு. எங்க அண்ணன் காய்கறித் தோட்டத்துக் குளத்துல வளர்த்தது. கொண்டு வரவா?"

தாளில் குறித்துக்கொண்டிருந்த யான்பிங்கின் பென்சில் நின்றது. "கொண்டு வாங்க."

அவள் போனதும் யான்பிங் மேஜை மேல் விரித்திருந்த காகித விரிப்பின் ஓரத்தைக் கிழித்தாள். ஓரம் முழுக்கச் சிவப்புத் தங்கமீன்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. கைப்பையிலிருந்து பார்சல் சுற்றி வந்த பழைய காகிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே தங்கமீன். அதே சிவப்பு.

எலாடியோ மெல்ல விசிலடித்தான். "அஞ்சு ஹோட்டல்ல டிராகன், தாமரை, மூங்கில்னு பார்த்தோம். மீன் இங்க நீந்திட்டிருக்கா!"

"பார்சல் இங்கேருந்துதான் போகுது."

கேஸ் இதுதான். லான்யிங் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நகரின் மறுகோடியில் பஜார் கடை வைத்திருந்தாள். ஒன்பது வருஷம் முன்பு அவளுடைய ஒரே மகள் சுன்யா, ஊர் பேர் தெரியாத வடக்கத்திச் சமையல் ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அதற்கு மறு வருஷத்திலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முன்னால் லான்யிங்குக்குத் தபாலில் ஒரு பார்சல் வரும். உள்ளே கருவாடு. தெற்குச் சீனாவில் அவள் பிறந்த சிங்தியான் ஊரில் நெல் வயலுக்குள் வளர்க்கிற மீனை, தவிட்டுப் புகையில் காயவைத்துச் செய்யும் கருவாடு. அனுப்பியவர் பெயர் இருக்காது. இதுவரை எட்டு பார்சல்.

லான்யிங் கடையை விற்றுவிட்டாள். சனிக்கிழமை விமானத்தில் ஊரோடு போகிறாள், திரும்பி வர மாட்டாள். இன்று வியாழன்.

"கிழவி இப்ப என் வண்டியில உக்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிச்சுட்டிருக்கு" என்றான் எலாடியோ. "வண்டித் தரை பூரா தோல். உள்ள வான்னா வரமாட்டேங்குது. ஏன், ஹோட்டல் கடிக்குமா?"

"இங்க இருக்கறவங்க முக்கால்வாசி அவங்க ஊர்க்காரங்க. மகளைத் தேடி வந்தேன்னு அவங்க முன்னாடி நிக்க முடியுமா? அதனாலதான் ஊருக்குச் சம்பந்தமில்லாத நம்மகிட்ட வந்தாங்க."

மீன் வந்தது. இஞ்சியும் அரிசி மதுவும் மணந்தன. சிவந்த குழம்பில் முழு மீன் வாலை மடக்கிக் கிடந்தது. எலாடியோ ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். முகம் மாறியது. நாக்கு நுனியிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"தலைவி, சமையல்காரனுக்கு இன்னைக்கு என்ன அவசரமோ! செதில் உரசவே மறந்துட்டான்."

பக்கத்து மேஜைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வூ அக்கா திரும்பினாள். முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு.

"மறக்கறதா? எங்க வயல் மீனுக்குச் செதிலை உரசவே கூடாது சாமி. மெத்துனு இருக்கும், சேத்துச் சாப்பிடணும். எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும். பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப சீர்ல மீன்குஞ்சே குடுத்து அனுப்புவோம். உரசினான்னா அவன் எங்க ஊர் ஆளே இல்ல."

"கருவாடு போட்டாலுமா?" யான்பிங் கேட்டாள்.

"கருவாடு போட்டாலும்தான்."

வூ அக்கா நகர்ந்தாள். யான்பிங் மடியில் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். லான்யிங் ஒவ்வொரு பார்சலிலிருந்தும் ஒரு மீனைத் தின்னாமல் எடுத்து வைத்திருந்தாள். கூடவே பார்சல் கட்டி வந்த பிளாஸ்டிக் கயிறும். எதையும் தூக்கிப் போடாத கை. எட்டு மீனின் வாலிலும் சீட்டு ஒட்டி வருஷம் எழுதியிருந்தது.

யான்பிங் அவற்றைத் தங்கமீன் விரிப்பின் மேல் வரிசையாக அடுக்கினாள். விரலால் ஒவ்வொன்றையும் தடவினாள்.

முதல் ஐந்து மீன் சொரசொரப்பு. கடைசி மூன்றும் வழவழப்பு.

எலாடியோ மென்றதை விழுங்கினான். "என்ன?"

"கை மாறியிருக்கு. மூணு வருஷம் முன்னாடி."

அவள் கயிறுகளை எடுத்தாள். முதல் ஐந்திலும் இழுத்தால் அவிழும் சுருக்கு. கடைசி மூன்றும் கத்தியால் வெட்டப்பட்டிருந்தன. அவிழ்க்க முடியாத இறுக்கமான குறுக்கு முடிச்சு அப்படியே இருந்தது.

யான்பிங் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோரம் மாவு தூவிய மேஜை. நாற்பது வயதுக்காரன் ஒருவன் தலை நிமிராமல் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தான். நெடிய உருவம், வடக்கத்தி முகம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைப் பூண்டு. வேலைக்கு நடுவில், வடக்கத்திக்காரர்களைப் போல, ஒரு பல் எடுத்துக் கடித்துக்கொண்டான்.

"எலாடியோ, போய் ஒரு டஜன் கொழுக்கட்டை பார்சல் வாங்கிட்டு வாங்க."

"இதுக்கு மேலயா? தலைவி, எனக்குக் குடும்பம் இருக்கு."

"தின்ன இல்ல. கட்டற கயிறைப் பார்க்க."

எலாடியோ பார்சலோடு வந்து பொத்தென்று வைத்தான். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. பல்லால் கடித்தான், அதற்கும் முடியவில்லை. யான்பிங் பழைய முடிச்சை அதன் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் தம்பி போல இருந்தன.

"கையெழுத்தை மாத்தி எழுதலாம். முடிச்சை யாரும் யோசிச்சுப் போடறதில்ல" என்றாள். நெஞ்சில் ஒரு கணம் அந்தப் பழைய துள்ளல், கேஸ் பிடிபடும்போது வருகிற துள்ளல் எழுந்தது. அடுத்த கணமே அது என்ன கேஸ் என்பது ஞாபகம் வந்தது.

எலாடியோவுக்கும் வந்துவிட்டது. "அப்போ அந்தப் பொண்ணு?"

யான்பிங் எழுந்து மாவு மேஜைக்குப் போனாள். ஒரு வழவழப்பு மீனை மாவின் மேல் வைத்தாள். அவன் கை நின்றது.

"சுன்யாவோட வீட்டுக்காரர்தானே நீங்க?"

அவன் மீனையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "குவான்" என்றான்.

"அவங்க எப்போ...?"

"மூணு வருஷம் ஆச்சு அக்கா. நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் நான் தனியா வீட்டுக்கு வந்தேன்."

போலீஸில் இருந்த வருஷங்களில் யான்பிங் எத்தனையோ வாக்குமூலங்களை மொழிபெயர்த்திருக்கிறாள். இதைவிடச் சின்னதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 

"அவங்க விட்ட இடத்துலேருந்து நீங்க மீன் அனுப்பறீங்க. மகள் உயிரோட இருக்கறதா அவங்க அம்மா நம்பட்டும்னு. ஆனா நீங்க வடக்கு ஆளு. செதில் விஷயம் தெரியல. அதுல மாட்டிக்கிட்டீங்க."

குவான் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் கோபமில்லை, அலுப்பு இருந்தது.

"எட்டு வருஷமா இந்தச் சமையலறையில நிக்கறேன். அஞ்சு வருஷம் அவ கருவாடு போடறப்ப தவிடு அள்ளிக் குடுத்தவன் நான். எனக்கா தெரியாது?"

யான்பிங்குக்குச் சுருக்கென்றது.

"அப்போ வேணும்னேதான் உரசினீங்களா?"

"வேற எப்படிச் சொல்றது?" அவன் குரல் தாழ்ந்தது. "அவ கண்ணை மூடின மறுநாள் அவங்கம்மா கடைக்குப் போனேன். உள்ளேருந்து என்னைப் பார்த்தாங்க. ஷட்டரை இறக்கிட்டாங்க. மூடின ஷட்டர் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னேன். வெளிய நின்னு கத்திச் சொல்ற விஷயமா அது? ஊர்க்காரங்க யாரையாவது விட்டுச் சொல்லலாம்னா, 'அவ பேரை எடுக்கறவங்க என் வாசப்படி ஏறாதீங்க'ன்னு அந்தம்மா என்னைக்கோ சொல்லிட்டாங்களாம். ஒருத்தரும் போகல. வூ அக்காவே போகல. சீட்டு எழுதி உள்ள வைக்கவும் கை வரல. அதான் மீனை உரசினேன். அந்த ஊர்க்காரிக்குப் புரியும்னு நினைச்சேன். மகளோட கை இது இல்லன்னு தெரிஞ்சா, மீதியைத் தானே புரிஞ்சுக்குவாங்கன்னு. ஊர்க்காரங்க மூலமா ஒரு வார்த்தை வரும்னு பார்த்தேன், வரல. அடுத்த வருஷமும் அப்படியே அனுப்பினேன். இந்த வருஷமும்."

யான்பிங் மாவின் மேலிருந்த மீனை எடுத்துத் தன் மேஜை வரிசையில் திரும்ப வைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைக்கவே வெட்கமாக இருந்தது. தவறு என்று அவள் துப்பறிந்தது ஒரு கடிதம்.

"என்ன சொல்றான்?" என்றான் எலாடியோ, பின்னாலிருந்து. சீன மொழியில் அவனுக்கு நாலு வார்த்தை தெரியும், நாலும் சாப்பாடு. யான்பிங் சுருக்கமாகச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இனி நான் போய் அந்தம்மாகிட்டச் சொல்லணும்" என்றாள் யான்பிங். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஸ்பானிய டாக்டர்களுக்காக அவள் மொழிபெயர்த்த மரணச் செய்திதான். நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும், அதைச் சொன்ன வாய் அவளுடையது என்பதால், கேட்டவர்கள் அவளைத்தான் வெறித்துப் பார்த்தார்கள், டாக்டரை அல்ல.

"நீ போக வேணாம் தலைவி" என்றான் எலாடியோ, ஜன்னலைப் பார்த்தபடி. "அதுவே வருது."

எலாடியோவின் வண்டிக் கதவு திறந்து கிடந்தது. லான்யிங் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து கடைக்குள் நுழைந்தாள்.

கடையின் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்கள். வூ அக்கா சுவரோடு ஒண்டினாள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், மூன்று வருஷமாகத் தெரியும் என்று யான்பிங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் முன்னால் போய்க் கிழவியின் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, முதல்ல உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்..."

"வேண்டாம்" என்றாள் லான்யிங். "தெரியும்."

"இல்லம்மா, உங்க பொண்ணு..."

"அதான் தெரியும்கறேனே. மூணு வருஷமாத் தெரியும்."

யான்பிங் பிடியைத் தளர்த்தினாள். முதல் நாள் இந்தக் கிழவி தன் மேஜையில் டின்னை வைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது. 'இந்தக் கருவாடு போடற கை எதுன்னு கண்டுபிடி.' மகளைக் கண்டுபிடி என்று அவள் சொல்லவேயில்லை. மூன்று நாளில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

லான்யிங் மேஜையில் வரிசையாகக் கிடந்த எட்டு மீனைப் பார்த்தாள். ஆறாவதைத் தொட்டாள்.

"இது வந்தப்ப, கையில காயம் போலிருக்கு, வேற யாரோ உரசிக் குடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்." விரல் ஏழாவதுக்கு நகர்ந்தது. "இது வந்தப்ப, வடக்கத்தியான் வீட்டுல இருந்து நம்ம பழக்கத்தையே மறந்துட்டாளேன்னு திட்டினேன். ரெண்டு நாள் நல்லாத் திட்டினேன். திட்டறதுக்கு அவ இருக்கணும்ல? அதுக்காகவே திட்டினேன்." எட்டாவதில் விரல் நின்றது. "இது வந்தப்ப, நினைச்சுக்க ஒண்ணும் மிச்சமில்ல."

கடையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அப்புறம் ஏம்மா எங்களைத் தேடச் சொன்னீங்க?" யான்பிங் கேட்டாள்.

"சேதி அனுப்பினவனுக்கு வந்து சேந்துச்சுன்னு சொல்ல வேணாமா? மூணு வருஷமா பதில் இல்லாம அனுப்பிட்டிருக்கான். சனிக்கிழமை நான் போயிட்டேன்னா, அடுத்த வருஷம் பார்சல் பூட்டின வீட்டுக்கில்ல போகும்?"

அவள் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க மேல தப்பில்ல. அவ பேரை எடுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. ஒருத்தராவது மீறியிருக்கக் கூடாதா?"

வூ அக்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

லான்யிங் குவானின் பக்கம் திரும்பினாள். அவன் மாவுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு நீ எதுக்கு வந்தேன்னு கேட்டிருக்கலாம். ஷட்டர் இறக்கின கை இதுதான்" என்று வலது கையை நீட்டிக் காட்டினாள். "கடைசியில ஏதாவது சொன்னாளா?"

"புத்தாண்டு வருது, அம்மாவுக்கு மீன் அனுப்பணும்னு சொன்னா."

கிழவியின் முகம் அப்போதுதான் உடைந்தது. சத்தமில்லாமல் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை கடையில் ஒருவர்கூட அசையவில்லை. வாசலில் வந்த வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அவ வீட்ல இருக்காம்மா" என்றான் குவான். "சாம்பலை வச்சிருக்கேன். அவ துணி வைக்கிற அலமாரியில. ஊருக்குக் கொண்டு போறீங்களா? உங்களோடது. நான் தடுக்க மாட்டேன்."

லான்யிங் கண்ணைத் துடைத்தாள்.  கொண்டு போக வேண்டும் என்று உள்ளுக்குள் துடிக்கிறாள் என்பது அவள் விரல்கள் மேஜை ஓரத்தைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள் கடைசியில். "உன்னை நம்பி வந்தா. உன்கிட்டயே இருக்கட்டும். அவ விருப்பத்தை இந்த ஒரு தடவையாவது நான் கேக்கறேன்."

அவள் எலாடியோவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன மீனைத் தன் பக்கம் இழுத்தாள். புதுக் குச்சியை உடைத்துப் பிரித்து, மீனின் வயிற்றுச் சதையைச் செதிலோடு கிள்ளி எடுத்தாள். தன் வாயில் போடவில்லை. எதிரே ஒரு கிண்ணத்தை வைத்து அதில் போட்டாள்.

"உக்காரு."

குவான் நின்றான்.

"உக்காரு. மாப்பிள்ளையை நிக்க வச்சுச் சாப்பாடு போடற வழக்கம் எங்க ஊர்ல இல்ல."

குவான் உட்கார்ந்தான். மாவு ஒட்டிய விரலோடு குச்சியைப் பிடித்தான். மீனை வாயில் வைத்தான். மெல்ல முடியவில்லை, தோள் குலுங்கியது. கிழவி காத்திருந்தாள். பிறகு காதோரப் பென்சிலை வூ அக்காவிடமிருந்து வாங்கி, விரிப்பின் தங்கமீன் ஓரத்தில் சிங்தியான் ஊர் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினாள். கிழித்து அவனிடம் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் இங்க அனுப்பு. செதிலை உரசாதே. இனிமே அதுல சொல்றதுக்குச் சேதி ஒண்ணும் இல்ல."

யான்பிங் வாசல் பக்கம் நகர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எலாடியோ பக்கத்தில் வந்து நின்றான். கையில் அவிழ்க்க முடியாத அந்தக் கொழுக்கட்டைப் பார்சல் இருந்தது. உள்ளே நடந்த பேச்சில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. என்ன சொன்னாங்க என்று அவன் கேட்கவில்லை.